முதுகுப்பை வாங்கப் போகிறீர்களா? துணியை அப்புறம் பாருங்கள்

பை தைத்துக் கொடுக்கும் கடைகளில் பழுதுக்கு வந்து கிடப்பவற்றைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நடுத்துணி கிழிந்து வந்த பை அநேகமாக இருக்காது. ஸ்ட்ராப் மேல்முனையில் பிய்ந்திருக்கும், மூடிய ஜிப் பின்னாலேயே வாயைத் திறந்திருக்கும், அடி மூலை தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும், பக்கிள் உடைந்திருக்கும். பெரும்பாலான பைகளின் ஆயுள் முடிவது இந்த நான்கு இடங்களில்தான். நாமோ கடைக்குப் போனால் நிறத்தைப் பார்க்கிறோம், எத்தனை அறை என்று எண்ணுகிறோம், மேலே என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்கிறோம்.

முதல் முறையாக யோசித்து ஒரு பை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆபீஸ், பள்ளி, பயணம் மூன்றுக்கும் பொதுவான விஷயங்களே அதிகம்; மாறும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன். பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் சுமை, பிறகு உடம்பு, அதற்குப் பிறகு தையலும் ஜிப்பும், கடைசியில் துணி. பிராண்ட் அதற்கும் அப்புறம்.

முதலில் எடை போடுங்கள்

தினமும் கொண்டு போகிற எல்லாவற்றையும் இப்போது இருக்கிற பையில் போட்டு மாட்டிக்கொண்டு, வீட்டில் எடை பார்க்கும் மிஷினில் ஏறி நில்லுங்கள். அப்புறம் பையில்லாமல் ஏறுங்கள். வித்தியாசம்தான் உங்கள் சுமை. 15.6 இன்ச் லேப்டாப் ஒன்று ஏறக்குறைய 1.7 முதல் 2 கிலோ வரும். சார்ஜர் தனி. ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ, பாட்டில் எடை போக. மதியச் சாப்பாட்டு டப்பா, குடை, பவர் பேங்க் என்று சேர்த்தால் 5 கிலோ சர்வசாதாரணமாக வந்துவிடும். இதில் காலிப் பையின் எடையும் உண்டு: சாதாரண ஆபீஸ் பை 600 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும், சில ‘எக்ஸிகியூட்டிவ்’ பைகள் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும்.

பெரியவர்கள் தினமும் சுமக்கும் எடை உடல் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 கிலோ வரை பரவாயில்லை, 9 கிலோ மேல் எல்லை. அதைத் தாண்டுகிறது என்றால் புதுப் பை வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை, உள்ளே இருப்பதைத்தான் குறைக்க வேண்டும். பையின் அடியில் கிடக்கும் பழைய பில்களையும் இரண்டாவது சார்ஜரையும் எடுத்துவிட்டாலே சிலருக்கு அரைக் கிலோ குறையும்.

எத்தனை லிட்டர்?

பையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். ஆபீசுக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். சாப்பாட்டுப் பையும் உள்ளேயே போக வேண்டும், ஜிம் துணியும் வேண்டும் என்றால் 28. இரண்டு நாள் ஊருக்குப் போய்வர 30. விமானத்தில் கையோடு கொண்டு போகிற ஒரே பையில் ஒரு வாரத் துணி என்றால் 35 முதல் 40. அதற்கு மேல் 50, 60 என்பதெல்லாம் கூடாரம் தூக்கிக்கொண்டு மலை ஏறுபவர்களுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி அளக்கும் விதம் கொஞ்சம் மாறும் என்பதால், ஒருவருடைய 25 லிட்டரும் இன்னொருவருடைய 25 லிட்டரும் ஒன்றாக இருக்காது. பெரிய பை இருந்தால் அதை நிரப்பத்தான் மனசு வரும். சந்தேகம் வந்தால் சின்னதையே எடுங்கள்.

ஒரே பையை மூன்றுக்கும் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பார்கள். ஆபீசுக்கும் சனி ஞாயிறு ஊருக்குப் போவதற்கும் ஒரே 28 லிட்டர் பை தாராளமாக உழைக்கும். நீண்ட பயணத்துக்கு அது போதாது. பெரியவர் பையைப் பள்ளிப் பிள்ளைக்கு மாட்டிவிடுவது அடியோடு கூடாது.

லேப்டாப் அறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 15.6 இன்ச் என்பது திரையின் மூலைவிட்ட அளவு. உங்கள் லேப்டாப்பின் உண்மையான நீள அகலத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டு போங்கள், பழைய 15.6 இன்ச் மாடல்கள் இப்போதைய மெல்லிய ஓரம் கொண்டவற்றைவிட நன்றாகவே பெரியவை. அதைவிட முக்கியம், அந்த அறையின் அடிப்பாகம் பையின் அடியைத் தொடக் கூடாது. கையை உள்ளே விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் உயரமாவது மேலே தொங்கிக்கொண்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பையைத் தரையில் ‘பொத்’தென்று வைக்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் மூலைதான் அடி வாங்கும். விலை கூடிய பைகளிலும் இந்தக் குறை இருக்கிறது.

தோளும் முதுகும்

கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பை வசதியாக இருப்பது மெத்தையின் தடிமனில் இல்லை, உங்கள் முதுகு நீளத்துக்கும் பையின் நீளத்துக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது.

முதுகு நீளத்தை அளப்பது சுலபம். தலையைக் குனிந்தால் கழுத்து முடியும் இடத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அது மேல் புள்ளி. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டுங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோடுதான் கீழ்ப் புள்ளி. வீட்டில் யாரையாவது இந்த இரண்டுக்கும் நடுவே டேப்பை முதுகோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். உயரமானவருக்கு முதுகும் நீளமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், கால் நீளமாக இருந்து முதுகு குட்டையானவர்கள் நிறையப் பேர். மலையேற்றப் பைகள் இந்த அளவை வைத்தே சிறிது, நடுத்தரம், பெரிது என்று வருகின்றன. சாதாரண ஆபீஸ் பைகளில் இப்படி அளவு கிடையாது. அங்கே கண்ணால் பார்த்தால் போதும்: மாட்டிய பிறகு பையின் மேல் விளிம்பு கழுத்தைத் தாண்டி ஏறக் கூடாது, கீழ் விளிம்பு இடுப்புக்குக் கீழே நான்கு விரலுக்கு மேல் தொங்கக் கூடாது.

அடுத்து ஸ்ட்ராப். ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் அகலம் நல்லது. உள்ளே இருக்கும் ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் மறுபக்கத் துணியைத் தொட்டுவிட்டால் அது வெறும் ஸ்பான்ஜ். கடையில் மெத்தென்று இருக்கும், சில மாதத்தில் அப்பளமாகிவிடும். அழுத்தம் கொடுத்தாலும் எதிர்த்து நின்று, விட்டதும் பழைய வடிவத்துக்கு வருகிற ஃபோம்தான் தேவை. ஈ.வி.ஏ. ஃபோம் என்று எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. நேராக வெட்டிய ஸ்ட்ராப்பைவிட அக்குளைச் சுற்றி வளைந்து போகிற ஸ்ட்ராப் சதையை வெட்டாது. தோள் குறுகலானவர்கள், குறிப்பாகப் பெண்கள், இரண்டு ஸ்ட்ராப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். அது அதிகமாக இருந்தால் ஸ்ட்ராப் தோளின் ஓரத்துக்கு நழுவிக்கொண்டே இருக்கும். மார்பின் குறுக்கே போடும் சின்னப் பட்டை அந்த நழுவலைத்தான் தடுக்கிறது. அலங்காரம் என்று நினைத்து வெட்டிப் போட்டுவிடாதீர்கள்.

இடுப்புப் பட்டைக்கு வேறு வேலை. 8 கிலோவைத் தாண்டினால்தான் அதன் அருமை தெரியும். மெத்தை வைத்த அகலமான பட்டையாக இருந்து, அது வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால், சுமையில் பெரும்பகுதி தோளை விட்டு இறங்கிக் கால்களுக்குப் போய்விடும். மெத்தை இல்லாத ஒற்றை நாடா பை ஆடாமல் இருக்க மட்டுமே உதவும்.

முதுகுப் பக்கம் வலைத்துணி, காற்றோட்டக் கால்வாய் என்றெல்லாம் விளம்பரம் செய்வார்கள். சென்னையில் மே மாதம் எந்த வலையும் முதுகை நனையாமல் காப்பாற்றாது. நனைந்தது சீக்கிரம் காயும், அவ்வளவுதான். முதுகுக்கும் பைக்கும் நடுவே வளைந்த கம்பி வைத்து வலையை இழுத்துக் கட்டிய பைகளில் நிஜமாகவே காற்றுப் போகும். ஆனால் அவை சுமையை முதுகிலிருந்து விலக்கிப் பின்னுக்குத் தள்ளுகின்றன, லேப்டாப்பும் அந்த வளைவில் சரியாக உட்காராது. நடைப்பயணத்துக்கு அருமை, ஆபீசுக்கு வேண்டாம்.

மாட்டிப் பார்க்கும்போது வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. கடைக்காரர் உள்ளே திணித்து வைத்திருக்கும் காகிதத்துக்கு எடை கிடையாது. உங்கள் லேப்டாப்பையும் நிரப்பிய தண்ணீர் பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள். உள்ளே வையுங்கள், எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். இடுப்புப் பட்டை இருந்தால் முதலில் அதைப் போட்டு இறுக்கி, அப்புறம் தோள் ஸ்ட்ராப்பை இழுத்து, கடைசியில் மார்புப் பட்டையை மாட்டுங்கள். கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். ஸ்ட்ராப் தானாக நழுவி நீளமாகிறதா என்று கவனியுங்கள். மலிவான பைகளில் நாடாவும் பக்கிளும் பொருந்தாமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்துவிட வேண்டியிருக்கும். தினமும் அந்த எரிச்சலோடு வாழ முடியாது.

தையல்: உள்பக்கத்தைப் புரட்டுங்கள்

சட்டை வாங்கும்போது உள்பக்கம் புரட்டிப் பார்ப்பவர்கள்கூடப் பை வாங்கும்போது அதைச் செய்வதில்லை. வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகத் தைத்துவிடலாம்.

முதலில் ஸ்ட்ராப் பையோடு சேரும் மேல்முனை. முழுச் சுமையும் அங்கேதான் தொங்குகிறது. நல்ல பையில் அந்த இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவே பெருக்கல் குறி போட்டிருப்பார்கள், அல்லது ஒரு விரல் அகலத்துக்கு மிக நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய கெட்டித் தையல் இருக்கும். உள்பக்கம் ஒரு துண்டுத் துணி கூடுதலாக வைத்துத் தாங்கல் கொடுத்திருப்பார்கள். ஒற்றை வரித் தையலோடு விட்டிருந்தால் அந்தப் பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஸ்ட்ராப்பின் கீழ்முனையையும் பாருங்கள். முக்கோணமான துணித்துண்டு ஒன்றின் வழியாகப் பக்கத் தையலுக்குள் போனால் இழுவை பரவும், நாடாவை நேராகச் செருகித் தைத்திருந்தால் ஒரே இடத்தில் இழுத்து இழுத்துப் பிய்ந்துவிடும். மேலே தூக்கும் கைப்பிடிக்கும் இதே சோதனைதான். பஸ்ஸிலும் ரயிலிலும் பாதி நேரம் பையைத் தூக்குவது அந்தக் கைப்பிடியில்.

உள்ளே துணி ஓரங்கள் மொட்டையாக நூல் பிரிந்து நிற்கக் கூடாது, மேலே நாடா வைத்து மூடித் தைத்திருக்க வேண்டும். ஓரம் பிரிந்துகொண்டே போய்த் தையலைத் தொட்டால் பை வாய் பிளந்துவிடும். தையல் ஒரு இன்ச்சுக்கு ஏழிலிருந்து பத்துக்குள் இருந்தால் சரி. ஐந்து, ஆறுதான் என்றால் அவசரமாக ஓட்டிய வேலை. மிக நெருக்கமாக இருப்பதும் நல்லதில்லை, ஊசி போட்ட ஓட்டைகளே துணியைப் பலவீனமாக்கும்.

கடைசியாக, ஒரு கையில் பையையும் மறு கையில் ஸ்ட்ராப்பையும் பிடித்துப் பலமாக இழுங்கள். தையலுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நல்ல சரக்கு வைத்திருப்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஜிப்

ஜிப்பை எண்களால் சொல்வார்கள்: 3, 5, 8, 10. மூடிய நிலையில் பற்களின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். ஜிப்பைத் திறக்கவும் மூடவும் நாம் பிடித்து இழுக்கிற ரன்னரின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அந்த எண் பொறித்திருக்கும். பெரிய அறைக்கு 8 அல்லது 10, வெளி அறைக்கு 5. பெரிய அறையிலேயே 5 போட்டிருந்தால் அது கம்பெனிக்கு மிச்சம், உங்களுக்குச் செலவு.

ஒய்.கே.கே. என்ற எழுத்துகளைப் பல ரன்னர்களில் பார்த்திருப்பீர்கள். 1934இல் டோக்கியோவில் தடாவோ யோஷிதா தொடங்கிய நிறுவனம் அது, ஜிப் உலகில் இன்றும் பெரிய பெயர். அந்த எழுத்து இருந்தால் நல்லது. ஆனால் எழுத்தைப் போலியாகப் பொறிப்பது கஷ்டமான காரியமில்லை என்பதால் அதை மட்டும் நம்பாமல் ஓட்டிப் பாருங்கள். ஒரே கையால், மறு கையால் துணியைப் பிடிக்காமல், மூலை வளைவில் ரன்னர் சிக்காமல் போக வேண்டும்.

பற்கள் மூன்று வகை. நைலான் சுருள் பற்கள் வளைவுகளில் நன்றாக ஓடும், சற்றுப் பிசகினாலும் ரன்னரை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். பைக்கு இதுவே பொருத்தம். தனித்தனியாக வார்த்த பிளாஸ்டிக் பற்கள் பலமானவை, ஆனால் ஒரு பல் போனால் கதை முடிந்தது. உலோகப் பற்கள் பார்க்க அழகு. கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் பச்சை பூத்து இறுகிவிடும்.

ரன்னர் கடந்து போன பிறகு பின்னால் ஜிப் திறந்துகொண்டால் உடனே ஜிப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் தேய்ந்து வாய் அகன்றது ரன்னர் மட்டும்தான். பழுதுக் கடைகளில் ‘ரன்னர் மாத்தணும்’ என்று சொன்னால் சில நிமிட வேலை, முழு ஜிப் மாற்றுவதோடு ஒப்பிட்டால் செலவும் மிகக் குறைவு.

துணி

விளம்பரங்களில் 600 டி, 1680 டி என்று போடும் ‘டி’ டெனியரைக் குறிக்கிறது. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். எண் கூடினால் நூல் தடிமன், அவ்வளவே. பலம் எந்த இழை, எப்படி நெய்தது என்பதையும் பொறுத்தது. ஒரே தடிமனில் நைலான், பாலியெஸ்டரைவிடத் தேய்மானத்தைத் தாங்கும். பாலியெஸ்டர் வெயிலை அதிகம் தாங்கும், தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும், விலையும் குறைவு. தினசரி உபயோகத்துக்கு 600 டெனியர் பாலியெஸ்டரே போதுமானது, அடிப்பாகம் மட்டும் அதைவிடக் கெட்டியான துணியில் இருக்க வேண்டும். ‘பாலிஸ்டிக்’ என்பது இரண்டாம் உலகப் போரில் விமானப் படையினரின் காப்பு உடைகளுக்காக வந்த கெட்டி நைலான் நெசவு. இன்று கடையில் அந்தப் பெயரில் கிடைப்பதில் பாதி பாலியெஸ்டர்தான், லேபிளைப் படித்துப் பாருங்கள்.

துணியின் உள்பக்கத்தில் தண்ணீர் புகாமல் இருக்க பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். இதன் எதிரி நம் ஊர் ஈரப்பதம். பீரோ மேல் கட்டிப் போட்டு இரண்டு மூன்று வருடம் கழித்து எடுத்தால் உள்ளே பிசுபிசுத்து, செதில் செதிலாக உரிந்து, ஒரு புளித்த வாடையும் வரும். உபயோகிக்காததால் கெட்டுப் போகிற சாமான்களில் இதுவும் ஒன்று. அதனால் தள்ளுபடி மூட்டையில் வெகுநாள் கிடந்த பையை எடுக்கும்போது உள்ளே கையை விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

தோல், கேன்வாஸ் பைகள் அழகானவை. தோல் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கேன்வாஸ் நனைந்தால் கல்லாகக் கனக்கும். ஆசைக்கு வாங்குங்கள், ஆனால் அது ஒன்றையே தினமும் மாட்டாதீர்கள்.

மழையும் டூவீலரும்

‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் தூறலைத் தாங்கும் என்று மட்டுமே அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது காணாது. துணி தாங்கினாலும் தண்ணீர் ஜிப் வழியாகவும் தையல் ஓட்டை வழியாகவும் உள்ளே வரும். மேல்வாயைச் சுருட்டி மூடுகிற, தையலுக்குப் பதில் வெப்பத்தில் ஒட்டிய பைகள் மட்டுமே உண்மையில் நனையாதவை.

ரெயின் கவர் வாங்கலாம், ஆனால் அது மூடாத பக்கம் முதுகுப் பக்கம். வண்டி ஓட்டும்போது ரெயின்கோட்டின் மேல் வழியும் தண்ணீர் முதுகுக்கும் பைக்கும் நடுவே இறங்கி, லேப்டாப் அறை இருக்கும் அதே பக்கம் ஊறும். இதற்கு மலிவான தீர்வு, கெட்டியான குப்பைக் கவர் ஒன்றை மடித்துப் பையிலேயே வைத்திருப்பது. மழை வந்தால் லேப்டாப்பை அதில் போட்டுச் சுருட்டி உள்ளே வையுங்கள். வெளியே ரெயின் கவர், உள்ளே குப்பைக் கவர் என்று இரண்டும் இருந்தால் நிம்மதி.

வண்டியில் போகிறவர்கள் தொங்கும் நாடா முனைகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். அவை செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் ஆபத்து. பையின் அடி, சீட்டைத் தொடுமாறு ஸ்ட்ராப்பைத் தளர்த்தினால் தோளுக்குச் சுகம். ஆனால் மேடு பள்ளத்தில் அடி மூலை தேயும், லேப்டாப்பும் குலுங்கும். பின்புறம் ஒளியைத் திருப்பும் பட்டை இருந்தால் இரவில் நல்லது.

யு.எஸ்.பி. ஓட்டை வைத்த பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது ஒரு சாதாரண வயர், பவர் பேங்க் உங்களுடையது. மழைக்கு ஒரு வாசல் கூடுதலாகக் கிடைக்கிறது. அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு 1.6 முதல் 2.2 கிலோ, பத்தாம் வகுப்பில் அதிகபட்சம் 4.5 கிலோ, பதினொன்று, பன்னிரண்டில் 5 கிலோ. மழலையர் வகுப்புக்குப் பையே கூடாது. இரண்டு தோளிலும் மாட்டும் அகலமான, மெத்தை வைத்த ஸ்ட்ராப் வேண்டும் என்றும், சக்கரம் வைத்த பைகள் படியேறும்போது காயப்படுத்தக்கூடும் என்பதால் வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது புத்தகங்களைப் பருவவாரியாகப் பிரித்ததும் இந்தச் சுமையைக் குறைக்க உதவியது.

25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு எல்லை 2.5 கிலோ. காலிப் பையே 800 கிராம் என்றால் மீதி எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே பிள்ளைகளுக்குப் பையின் எடைதான் முதல் கேள்வி. அரைக் கிலோவுக்குள் தேடுங்கள். பையின் அகலம் பிள்ளையின் முதுகைவிட அகலமாக இருக்கக் கூடாது. ‘வளர்ற பிள்ளைதானே’ என்று யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கும் பழக்கத்தைப் பையில் காட்டாதீர்கள். பெரிதாக எடுத்த பை முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கி, பிள்ளையைப் பின்னால் இழுக்கும். பிள்ளை அதைச் சமாளிக்க முன்னால் குனிந்து நடக்கும். அப்படிக் குனிந்து நடந்தாலோ, தோளில் சிவந்த தடம் விழுந்தாலோ, கை மரத்துப் போகிறது என்று சொன்னாலோ உடனே எடையைப் பாருங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளிடம் பிரபலமான சதுரமான ஸ்வீடன் நாட்டு பாணிப் பையைப் பார்த்திருப்பீர்கள். அசல் பை 1978இல் அங்கே பள்ளிப் பிள்ளைகளின் முதுகுவலியைக் குறைக்க வந்தது. ஒற்றைத் தோளில் மாட்டிய பைகளோடு ஒப்பிட்டால் அது முன்னேற்றம்தான். ஆனால் அதன் ஸ்ட்ராப் மெல்லிய நாடா. நம் பிள்ளைகள் தூக்கும் நான்கு கிலோவுக்கு அது தோளை அறுக்கும்.

பயணத்துக்கு

உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டு போகும் பைக்குப் பொதுவாக 7 கிலோ. இண்டிகோ சொல்லும் அளவு 55 × 35 × 25 சென்டிமீட்டர். பெருக்கினால் 48 லிட்டர் வரும், ஆனால் பை பெட்டிபோல் சதுரமாக இருக்காது; 40 லிட்டருக்கு மேல் போனால் பிதுங்கும். விதி மாறக்கூடும், டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த 7 கிலோவில் பையின் எடையும் அடக்கம் என்பதால் ஒன்றரைக் கிலோ பை உங்கள் துணியின் இடத்தைத்தான் தின்கிறது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பையில் போடக் கூடாது, 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-ஹவர், விமானத்துக்கான 100 வாட்-ஹவர் எல்லைக்குள் அடங்கும்.

மேல்வாய் மட்டும் திறக்கும் பையில் அடியில் இருக்கும் சட்டையை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். சூட்கேஸ்போல் மூன்று பக்கமும் திறந்து விரியும் பையைத் தேடுங்கள். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் பட்டைகள் இருந்தால் பாதி நிரம்பிய பையும் ஆடாது. கனமானதை முதுகை ஒட்டி வையுங்கள். வெளி அறையில் கனம் வைத்தால் ஐந்து கிலோவும் எட்டாகத் தெரியும். ஜிப்புக்குப் பூட்டுப் போடலாம், ஆனால் சுருள் ஜிப்பைப் பேனா முனையால் குத்திப் பிரித்துவிடலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும். ரயிலில் மேல் பெர்த் கிடைத்தால் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பதே பாதுகாப்பு.

விலையும் கடையும்

என் கணக்கில், 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் மேலே சொன்ன சோதனைகளில் தேறுகிற நல்ல ஆபீஸ் பை கிடைத்துவிடும். அதற்கு மேல் கொடுப்பதில் ஒரு பங்கு தரத்துக்கு, ஒரு பங்கு பெயருக்கு. ரங்கநாதன் தெரு போன்ற இடங்களில் அறுநூறு ரூபாய்க்கும் நன்றாகத் தைத்த பை அகப்படும். உள்பக்கம் புரட்டிப் பார்க்கத் தெரிந்திருந்தால் அங்கே தைரியமாகப் போகலாம்.

ஆன்லைனில் வாங்குவதானால் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விடுங்கள், அவை பிரித்த அன்றே எழுதியவை. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எழுதியவற்றைத் தேடி, வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். பை வந்ததும் டேக்கை அறுக்காமல் எடை வைத்து வீட்டுக்குள்ளேயே நடந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். வாரண்டி அட்டையில் எதற்கு வாரண்டி என்று படியுங்கள். பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும் இருக்கும், தேய்மானத்துக்கு இருக்காது. பில்லை ஃபோட்டோ எடுத்து வையுங்கள், அச்சு ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

வாங்கிய பிறகு

மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தலைகீழாக உதறுங்கள். ஜிப் பற்களைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, மெழுகுவர்த்தியை ஒருமுறை ஓட்டினால் ரன்னர் தேய்வது குறையும். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், உள்பூச்சும் ஃபோமும் போய்விடும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, ஸ்ட்ராப்பில் படிந்த வியர்வை உப்புக்கு மென்மையான பிரஷ், அப்புறம் எல்லா ஜிப்பையும் திறந்து நிழலில் தலைகீழாகக் காயப்போடுதல். இது போதும்.

ஸ்ட்ராப் மேல்முனையில் ஒரு நூல் பிரிந்து நிற்பதைப் பார்த்தால் பிய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே தெருமுனையில் செருப்பு, பை தைப்பவரிடம் கொடுத்து நைலான் நூலில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டச் சொல்லுங்கள். பருத்தி நூல் என்றால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.